புள்ளி வைக்கும் கால்

தென்காசியில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் கம்ப்யூட்டர் விற்பதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. பெயர் தாணுமாலயன். எனக்குக் கோபம் சட்டென்று வந்துவிடும். வாடிக்கையாளர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள், நானும் மறுத்ததில்லை. ஆனால் பர்சானாவிடம் என் வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் கத்தியிருக்கிறேன்.

பர்சானா என் கடைக்கு நாலு கடை தள்ளி, பத்திர எழுத்தர் ஆவுடையப்பன் அண்ணாச்சியிடம் தட்டச்சு செய்கிறவள். கடையநல்லூரிலிருந்து காலை ஏழே முக்கால் பஸ்ஸில் வருவாள். பத்தொன்பது வயதில் தமிழ் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தவளுக்கு இப்போது நாற்பத்தைந்து. டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தபோதும் பழைய டைப்ரைட்டர் எழுத்துவரிசையை அவள் விடவில்லை. கீபோர்டைக் குனிந்து பார்க்கவே மாட்டாள். எதிரில் நிற்கிற ஆளிடம் வடக்கே யார் வீடு என்று விசாரித்துக்கொண்டே கிழக்கு எல்லையை அடித்து முடித்திருப்பாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரில் குடியேறிப்போனவர்கள் நிலத்தை விற்பதானால் குற்றாலத்தில் சீசன் தொடங்கட்டும் என்று காத்திருப்பார்கள். காலையில் பத்திரம், மத்தியானம் ஐந்தருவியில் குளியல். அதனால் ஆனி, ஆடியில் அந்த அலுவலகத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. இந்த வருஷம் சீசனுக்கு நாலு மாதம் முன்னாலேயே பர்சானாவுக்குக் கை போய்விட்டது. வலது மணிக்கட்டின் வெளிப்பக்கத்திலிருந்து சுண்டுவிரல் நுனி வரை சுள்ளென்று இழுக்கிறது என்றாள். டாக்டர், கீபோர்டு மவுஸையெல்லாம் மாற்றிப் பாருங்கள், இல்லையென்றால் தட்டச்சை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார்.

விடுவேனா, என் வித்தையை எல்லாம் காட்டினேன். மணிக்கட்டு வைக்க மெத்தென்று ஒரு பட்டை கொடுத்தேன். கையைச் சாய்க்காமல் பிடிக்கிற மவுஸ் ஒன்று கொடுத்தேன். மவுஸை அவள் தொடுவதே அபூர்வம் என்பது கொடுத்த பிறகுதான் என் மண்டையில் ஏறியது. டக்டக்கென்று அடிக்கிற கீபோர்டைப் போட்டால் போனில் பேசுவது கேட்கவில்லை என்று அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார். இரண்டாகப் பிரிகிற கீபோர்டை விரித்து வைக்க அந்த மேஜையில் இடமில்லை. சரி, வாயால் சொன்னாலே டைப் ஆகிறதே என்று அதையும் வைத்துப் பார்த்தோம். அலுவலகத்தில் எட்டுப் பேர் பேசுகிற பேச்சு முழுவதையும் அது கேட்டுக்கொண்டிருந்தது. தென்வடல் நாற்பத்திரண்டு அடி என்பதற்குக் கீழே, மெயின் அருவியில் சொட்டுத் தண்ணி இல்லை என்று பத்திரத்தில் ஏறிவிட்டது. அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அப்போதுதான் சவுதியில் தம்மாமிலிருந்து அவள் வீட்டுக்காரர் ஹபீபுல்லா ஒரு கீபோர்டு அனுப்பினார். ஊருக்கு வந்த ஆள் கையில் கொடுத்து விட்டிருந்தார். நடுவில் மேடாக, இரண்டு பக்கமும் சரிந்து, உண்மையிலேயே உயர்ந்த சாமான். விசைகளில் அரபி எழுத்து. பார்க்காமல் அடிக்கிறவளுக்கு எந்த எழுத்து இருந்தால் என்ன? மறுநாள் வலி போயிற்றா என்று கேட்டேன். சுத்தமாக இல்லை என்று சிரித்தாள். நல்ல சாமான் நல்ல சாமான்தான் என்று நானும் நம்பினேன்.

பத்து நாள் கழித்து, துணிப்பையில் சுற்றி அவளுடைய பழைய கீபோர்டைக் கொண்டுவந்தாள். ஒரு விசை அமுங்கினால் எழவில்லையாம். புதுசு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்சம் அதட்டியதும் எல்லாம் வெளியே வந்தது. வலி ஒரு இம்மிகூடக் குறையவில்லை. புதுசில் சுண்டுவிரலை இன்னும் எட்டிப் போட வேண்டியிருந்ததால் யாரும் இல்லாதபோது பழையதை எடுத்து அடித்திருக்கிறாள்.

அன்றுதான் கத்தினேன். மூன்று பேர் கடையில் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. ஏன் இப்படிப் பொய் சொல்லிக் கையைக் கெடுத்துக்கொள்கிறாய், உன் கையா என் கையா என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இதுலயும் வலிச்சா வேலைய விட்டுரணும்னு அவுஹ சொல்லித்தான் அனுப்பியிருக்காஹ. பிரியத்துலதான் சொல்லுதாஹ, நான் குறை சொல்லல. ஆனா அண்ணே, வீட்டுல நான் இன்னார் பொண்டாட்டி, இன்னார் உம்மா. அங்கன உக்காந்தாத்தான் என்னைய பேரு சொல்லிக் கூப்பிடுதாங்க."

ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்தப் பழைய கீபோர்டைக் கழற்ற ஆரம்பித்தேன். எல்லா விசைக்கு அடியிலும் ரப்பர் நன்றாக இருந்தது. வலக்கோடியில் ஒரே ஒரு விசைக்கு அடியில் மட்டும் கிழிந்து தொங்கியது. எந்த எழுத்தும்மா இது என்றேன். பார்க்காமலே, வலது சுண்டுவிரலை மடக்கிக் காட்டி, புள்ளி என்றாள்.

கிரையப் பத்திரம் என்று எழுதவே மூன்று புள்ளி. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் இந்தச் சுண்டுவிரல்தான் குத்துகிறது, நானோ மவுஸை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். மடையன்! வேறு விரலுக்கு மாற்றலாமா என்று யோசித்தோம். ஒவ்வொரு விரலுக்கும் இருபத்தாறு வருஷமாக வேலை நிறைந்து கிடக்கிறது, யார் தலையில் கட்டுவது? சும்மா இருப்பது கால் ஒன்றுதான்.

மோட்டார் தையல் மிஷினின் மிதி ஒன்றை வாங்கி, உள்ளே இருந்ததைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன சுவிட்சை வைத்தேன். உபயோகமில்லாத இன்னொரு கீபோர்டின் உள்பலகையை எடுத்து, புள்ளி விசைக்கு உரிய இரண்டு முனைகளையும் அந்த சுவிட்சில் சேர்த்துப் பற்றவைத்தேன். கம்ப்யூட்டருக்கு அது இரண்டாவது கீபோர்டு, ஒரே ஒரு விசை, அதுவும் தரையில். கை எழுத்தை அடிக்கும், கால் புள்ளி வைக்கும். கால் பழக ஒரு மாதமாகும் என்று எச்சரித்தேன். இரண்டே நாளில் பழகிக்கொண்டாள். வாப்பாவின் தறியில் கல்யாணமாகும் வரை மிதித்த காலாம். பதினைந்து நாளில் வலி அடங்கியது. வீட்டுக்காரர் மனம் கோணக்கூடாது என்று மேஜைமேல் அவர் அனுப்பிய கீபோர்டையே வைத்துக்கொண்டாள். மிதியைப் பற்றி அவரிடம் மூச்சுவிடவில்லை. மிதி தேவைப்படுகிறதென்றால் கை இன்னும் சரியில்லை என்றுதானே அர்த்தம், விட்டுவிடு என்பார் என்று பயம்.

ஆடி மாதம் ஹபீபுல்லா லீவில் வந்தார். நல்ல மனுஷன், அத்தர் வாசனை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. தன் கீபோர்டு வேலை செய்கிற அழகைப் பார்க்கவென்றே ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிரிண்டர் பார்க்கப் போன நானும் அங்கே இருந்தேன். சாமான் என்றால் இப்படி வாங்க வேண்டும் என்று என்னிடமே சொன்னார். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. பர்சானா ஒரு பார்வை பார்த்தாள், விழுங்கிக்கொண்டேன்.

வெளியே சாரல். வந்தவர்கள் குடையிலிருந்து சொட்டி மொசைக் தரை முழுக்க ஈரம். பதினொன்றரைக்குப் பதிவுக்கு டோக்கன், பத்திரத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது. மிதிக்கு அடியில் நான் ஒட்டியிருந்த டேப் ஈரத்தில் விட்டுப்போய், மிதிக்கும்போதெல்லாம் மிதி வழுக்கிக்கொண்டு ஓடியது. காலால் இழுத்து இழுத்துப் பார்த்தாள். முடியாமல் சுண்டுவிரலாலேயே அடிக்க ஆரம்பித்தாள். நாலு வரி தாண்டியிருக்காது, முகம் சுருங்கி உதட்டைக் கடித்தாள்.

ஹபீபுல்லா அதைப் பார்த்துவிட்டார். முதலில் அவள் முகத்தை, பிறகு கையை, பிறகு குனிந்து மேஜைக்கு அடியில். வயரைப் பிடித்துக்கொண்டே போய் மிதியைத் தொட்டார். இது என்ன என்று என்னைக் கேட்டார். இனி மறைத்துப் பயனில்லை என்று நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் அனுப்புனதுல வலி போகலியா?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல மச்சான். சொன்னா வேலைய விடச் சொல்லிருவீங்கன்னு பயந்துட்டேன்."

அவள் கை கீபோர்டிலிருந்து இறங்கி மடியில் கிடந்தது. நிலம் விற்க வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஹபீபுல்லா எழுந்தார். வெள்ளைச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டினார். அத்தனை பேருக்கும் முன்னால், அந்த ஈரத் தரையில் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, மிதியை அவள் கால் பக்கம் நகர்த்தி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார்.

"நீ அடி புள்ள. நான் பிடிச்சுக்கிடுதேன்."

பர்சானா காலை வைக்கத் தயங்கினாள். அவர் கை இருக்கிறதே என்று கூச்சம். அவரே அவள் பாதத்தை எடுத்து மிதிமேல் வைத்தார். அதன் பிறகு இருபது நிமிஷம் அந்த அறையில் தட்டச்சு சத்தம் தவிர வேறு சத்தமில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிய வழிய, துடைக்கக்கூட நிறுத்தாமல் அடித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்.

கடைசிப் பக்கம் பிரிண்டரில் வந்துகொண்டிருந்தபோது மேஜைக்கு அடியிலிருந்து ஹபீபுல்லாவின் குரல் கேட்டது.

"நாளைக்கு எத்தனை பத்திரம் இருக்கு?"

"ஆறு" என்றாள் பர்சானா.