முதல் வாய்ச் சோறு

கல்யாணமான எட்டாவது மாதத்தில் எனக்கு வயிற்று வலி ஆரம்பித்தது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொண்டு வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும். திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. வாயு என்றார் கிரேன் ஓட்டுபவர். அவசர அவசரமாக விழுங்குகிறேன் என்றார் சூப்பர்வைசர். சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தவரும் அவர்தான். சோடா குடித்தேன், ஓமத் தண்ணீர் குடித்தேன், ஏப்பம் விட்டேன். வலி போகவில்லை.

தண்டையார்பேட்டை வீட்டில் அம்மாவுக்குக் காரணம் முதல் நாளே தெரிந்துவிட்டது.

"இத்தினி வருஷம் என் கையால துன்னியே, ஒண்ணும் ஆவலயே நைனா? அவ சோத்துல மருந்து வச்சிகீறா."

மருந்து என்றால், புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள மனைவி சோற்றில் கலப்பதாகச் சொல்லப்படும் சமாச்சாரம். என்னைக் கைக்குள் போட்டுக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று அம்மா யோசிக்கவில்லை.

அந்த வாரமே மருந்து எடுப்பவர் ஒருவரிடம் இழுத்துப் போனாள். அவர் என் வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சி, வெற்றிலையில் கறுப்பாக ஒரு உருண்டையைத் துப்பினார். பழைய புளி மாதிரி இருந்தது. அம்மா அதை வெற்றிலையோடு மடித்து எடுத்துவந்து என் மனைவி முன்னால் பிரித்தாள்.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அன்றிலிருந்து, அம்மா பார்க்க, என் தட்டிலிருந்து முதல் வாயை அவள் எடுத்துத் தின்பாள். பிறகுதான் தட்டை என் பக்கம் தள்ளுவாள். ஒரு மாதத்துக்கு மேல் இது நடந்தது.

தன் கட்சியை நிரூபிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவே சமையலில் இறங்கினாள். பீஃப் பிரியாணி. இரண்டு தட்டு தின்றேன். ஒரு மணி நேரத்தில் தரையில் சுருண்டு கிடந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல். கொழுப்பு உள்ளே போனால் பித்தப்பை சுருங்கும், அப்போதுதான் வலி என்றார் டாக்டர். கல் பல வருஷமாகச் சேர்ந்திருக்கும் என்றும் சொன்னார். ஆபரேஷன் முடிந்ததும் கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மனைவி அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினாள்.

"பல வருஷத்து கல்லுன்றாங்க அத்தே. நான் வந்து ஒரு வருஷங்கூட ஆவல. யாரு வச்சதுன்னு பாத்து சொல்லு."

அம்மா டீ வாங்கி வருவதாக எழுந்து போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது. மனைவி சிரிக்கவில்லை.

"அவங்கள வுடு. நீ இன்னா நெனச்சே?"

"நான் ஒண்ணும் நெனக்கலயே."

"நான் முழுங்குற வரிக்கும் நீ தட்டுல கை வெக்கல. ஒரு நாளுகூட வெக்கல. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

சொல்லிவிட்டு ஃப்ளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் கஞ்சி ஊற்றினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆவி பறக்கும்போதே வாங்கிக் குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது.