இரண்டாவது மிதியில் பிடிக்கும் பிறேக்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு நட்டை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும், எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று இன்றைக்கும் நின்று யோசிக்கிறவன் நான். அப்படிப்பட்ட நான், ரொறன்ரோவின் ஸ்காபரோவில், அடுத்தவருடைய கராஜுக்குள், ஒரு முழுக் காரை என் கையால் கட்டத் தொடங்கினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வெறியிலும் இருக்கவில்லை. அன்று நான் குடித்தது வெறும் தேத்தண்ணி.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சண்டை நடக்கும் எங்கள் ஊரிலிருந்து வரும் கடிதங்களில், பெற்றோல் கிடைப்பதில்லை, கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டுகிறார்கள், ஸ்ரார்ட் பண்ணுவதற்கு மட்டும் நாலு துளி பெற்றோல் விடுகிறார்கள் என்று எழுதியிருப்பார்கள். ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், கையில் வடையோடு நின்று நான் முழங்கினேன்: "மண்ணெண்ணெயிலை கார் ஓட்டுற சாதி நாங்கள். எல்லாச் சாமானும் கடையிலை கிடக்கிற நாட்டிலை ஒரு காரைக் கட்டுறது பெரிய வேலையோ?" மண்ணெண்ணெயில் ஓட்டியவன் யாரோ. வடையோடு முழங்கியவன் நான். இந்த வித்தியாசம் அன்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கிழமை விளம்பரப் பத்திரிகை ஒன்றில், பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு விலாசத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர், இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்த காரைப் பாதியில் விட்டுவிட்டு இருந்தார். இரும்புக் குழாய்களால் ஒட்டிய ஒரு சட்டம், குளியல் தொட்டி மாதிரி ஒரு சிவப்பு பைபர்கிளாஸ் உடம்பு, செத்துப்போன வேறொரு காரிலிருந்து கழற்றிய எஞ்சின், ஒரு கட்டு வரைபடம். "இதைத் தொடங்கும்போது எனக்கு முழங்கால் நோவு இருக்கவில்லை" என்றார் கிழவர். நான் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நாங்கள் அப்போது ஒரு பேஸ்மென்றில் குடியிருந்தோம். மேலே இருந்த வீட்டுக்கார அண்ணை நல்ல மனிதர். முதல் பனி விழும்வரை கராஜைப் பாவிக்கலாம் என்று விட்டுத் தந்தார். பெட்டிகள் வந்து இறங்கியதும் மனைவி வெளியே வந்து, சிவப்புத் தொட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"கூரை எங்கை?"

"இது கூரை இல்லாத கார்."

"கனடாவிலையோ?"

நான் அடுத்த பெட்டியைத் திறக்கப் போனேன்.

எனக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் தொழிற்சாலை வேலை. காலையில் முழுவதும் கராஜ். முதல் நாளே பயம் தொடங்கிவிட்டது. சட்டத்தை ஜாக்கில் உயர்த்திவிட்டு அடியில் படுத்தபோது, ஷெல்லடிக்கும் ஹெலிகொப்டருக்கும் தப்பி, நாலு நாடு சுற்றி வந்தவன், கடைசியில் நானே பூட்டிய இரும்புக்கு அடியில் நசுங்கப்போகிறேனோ என்று தோன்றியது. ஜாக்குக்குப் பக்கத்தில் இரண்டு முட்டு வைத்தேன். முட்டுக்குப் பக்கத்தில் நாலு பழைய ரயர்களை அடுக்கினேன். அதுவும் போதாமல் மனைவியிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கூப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன்.

"இருக்கிறியளோ?"

"இருக்கிறன்."

அவள் போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் கறி தாளிக்கிற மணத்தோடு திரும்பவும் வருவாள்.

"இருக்கிறியளோ?"

"இருக்கிறன்."

"அப்ப சரி. தேங்காய் ஒண்டு துருவித் தாங்கோ."

நாலு மாதம் இப்படிப் போனது. வரைபடம் இங்கிலாந்து அங்குலத்தில். கடையில் வாங்கிய ஆணிகள் மில்லிமீற்றரில். ஒரு போல்ற்றைச் சுத்தியலால் அடித்து இறக்கினேன். அது இறங்கியது; பிறகு எந்தக் காலத்திலும் ஏறவில்லை. இரவுச் சாப்பாட்டில் கோப்பையைத் தூக்கும்போதுகூட அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்திருக்கிறேன். ஆனாலும் ஒரு நாள் அது கார் மாதிரியே தெரிந்தது. நாலு சில்லு, ஸ்ரியரிங், இரண்டு இருக்கை. பெருமை தாங்க முடியாமல் அண்ணையையும் மனைவியையும் கூப்பிட்டேன்.

மனைவி குனிந்து காருக்குள் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, நான் எதிலை இருக்கிறது?"

"உதிலை" என்று இடப்பக்க இருக்கையைக் காட்டினேன்.

"அது றைவரிடை இடமெல்லோ?"

அப்போதுதான் பார்த்தேன். ஸ்ரியரிங், மூன்று மிதிகள் எல்லாம் வலப்பக்கத்தில் இருந்தன. சட்டத்தில் இரண்டு பக்கமும் துளை போட்டிருந்தது. எங்கே வேண்டுமோ அங்கே பூட்டலாம். நான் யோசிக்கவே இல்லை. நாலு வருடமாக ரொறன்ரோவில் தினமும் இடப்பக்கத்தில் இருந்து ஓட்டி வேலைக்குப் போய் வந்தவன், கட்டுகிறபோது மட்டும், மாமாவின் பழைய காரில் ஓட்டப் பழகிய பக்கத்தில் போய் இருந்திருக்கிறேன்.

"அப்ப எதிரிலை வாற ட்ரக்குக்கு முதல் ஆளா நான் முகம் குடுக்கவேணுமோ?" என்றாள் மனைவி.

"தம்பி, கப்பலிலை ஏத்திவிடும். ஊரிலை, பருத்தித்துறை வீதியிலை அச்சாவா ஓடும்" என்றார் அண்ணை. அவர் சிரித்த சிரிப்பில் கராஜ் கதவு ஆடியது.

எல்லாவற்றையும் கழற்றி இடப்பக்கம் மாற்றினேன். மாற்றியபோது பிறேக் குழாய் ஒரு சாண் கட்டையாகிவிட்டது. மெல்லிய செப்புக் குழாய் அது. அதற்குள் ஓடும் எண்ணெய்தான் நாம் மிதிக்கிற மிதியைச் சில்லுவரை கொண்டுபோகிறது. புதிதாக ஒரே குழாயாகப் போட்டிருக்க வேண்டும். நான் ஒரு துண்டை வாங்கி, நடுவில் ஒரு மூட்டுப் போட்டு இணைத்தேன்.

குழாய்க்குள் காற்று இருக்கக்கூடாது. காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, மற்றவர் சில்லடியில் இருந்து ஒரு சின்ன ஆணியைத் திறந்து மூட வேண்டும். மனைவியை இருக்கையில் ஏற்றினேன்.

"அமத்தும்!"

"அமத்திட்டன்."

"அப்பிடியே பிடிச்சுக்கொண்டிரும்!"

"பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். எவ்வளவு நேரத்துக்கு?"

"பொறும், பொறும், இன்னும் ஆணி மூடேல்லை..."

"விட்டிட்டன்."

"ஏன் விட்டனீர்?"

"சோறு அடிப்பிடிக்குது."

ஆணியை மூடுவதற்கு முன் காலை எடுத்தால், வெளியேறிய காற்று அத்தனையும் திரும்ப உள்ளே போய்விடும். போனது. திரும்பவும் தொடங்கினோம். மூன்று நாள் சோறு அடிப்பிடித்தது. மூன்றாம் நாள் குமிழிகள் வருவது நின்றது. அவளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, நான் தனியே ஏறியிருந்து மிதித்துப் பார்த்தேன்.

மிதி ஒரு தடையும் இல்லாமல் தரைவரை போனது. காலை எடுத்து இன்னொரு தடவை மிதித்தேன். இப்போது கல்லு மாதிரி நின்றது. கராஜுக்கு முன்னாலுள்ள பாதையில் பத்தடி உருட்டிப் பார்த்தேன். முதல் மிதிக்கு ஒன்றும் இல்லை, இரண்டாவதுக்குப் பிடித்தது. மறுநாள் காலை, நான் போட்ட மூட்டுக்கு நேர் கீழே, நிலத்தில் ஒரு சொட்டு எண்ணெய். ஒரு பெட்டி மட்டையை எடுத்து அதன்மேல் போட்டேன். அதைத் துடைத்திருந்தால், துடைக்க ஏதோ இருந்தது என்று ஆகிவிடும் அல்லவா?

இங்கேதான் என் மடைமையின் உச்சம். நான் யாருக்கும் சொல்லவில்லை. அண்ணை ஏற்கெனவே முதல் ஓட்டத்துக்கு நாள் பார்த்துவிட்டார். கொழும்பு நேரத்துக்கு அச்சடித்த பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு, மணித்தியாலங்களைக் கழித்து, ராகுகாலத்தை அரை மணித்தியாலம் அங்கும் இங்கும் தள்ளி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை என்று முடிவாகியிருந்தது. காரைப் பரிசோதிக்கிற கராஜுக்குக் கொண்டுபோவதற்கு மட்டும் ஒரு தற்காலிக அனுமதிக் கடிதம் என்னிடம் இருந்தது. அங்கே கொண்டுபோயிருந்தால், மெக்கானிக் முதல் மிதியிலேயே என்னைப் பிடித்திருப்பான். ஆனால் புது வாகனத்தின் முதல் ஓட்டம் கோயிலுக்குத்தானே? முதலில் பிள்ளையார் பார்க்கட்டும், பிறகு மெக்கானிக் பார்க்கட்டும் என்றார் அண்ணை. வழக்கத்தை நான் மறுக்கவில்லை. பிள்ளையார் மிதித்துப் பார்க்கமாட்டார் என்ற தைரியம்.

ஞாயிறு காலை, சேலை உடுத்திக்கொண்டு மனைவி கேட்டாள்.

"பிறேக் பிடிக்குதோ?"

"ஓம், பிடிக்குது."

பொய் இல்லை. இரண்டாவது மிதியில் என்ற இரண்டு சொல்லை மட்டும் விட்டுவிட்டேன்.

பூசை முடிந்த பிறகுதான் காரில் ஏறுவேன் என்று அவள் அண்ணையின் வான் வண்டியில் வந்தாள். வான் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு நிறுத்தப் பலகைக்கும் ஒரு தெருத் தூரத்துக்கு முன்பே மிதிக்கத் தொடங்கினேன். மிதித்து, விட்டு, மிதித்து. ஐப்பசிக் குளிரில், கூரை இல்லாத காரில், முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. ஒரு பஸ்ஸில் இருந்த பெண் எனக்குக் கை காட்டினாள். நான் காட்டவில்லை. இரண்டு கையும் ஸ்ரியரிங்கில் ஒட்டிப்போயிருந்தன.

கோயில் என்பது அப்போது ஒரு பழைய பண்டகசாலை. வாசலுக்கு முன் கார்கள் நிறுத்துகிற இடம், வாசலை நோக்கி மெல்லச் சரிந்திருக்கும். அந்தச் சரிவை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

ஐயர் வந்தார். காருக்குத் திருநீற்றால் மூன்று குறி இழுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வைத்தார். தேங்காய் உடைத்தார். கனபேர் கூடிவிட்டார்கள். "உவர்தான் கட்டினவராம்" என்று யாரோ சொன்னது கேட்டது. வேறு நாளாக இருந்தால் அந்த வசனத்தை ஒரு கிழமைக்கு வைத்துச் சாப்பிட்டிருப்பேன்.

"அம்மா, நீங்கள் தட்டைப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்கு நில்லுங்கோ" என்றார் ஐயர்.

மனைவி அருச்சனைத் தட்டோடு காருக்கு நேர் எதிரே போய் நின்றாள். பதினைந்தடி இருக்கும். அவளுக்குப் பின்னால் கோயில் சுவர்.

"அவ கொஞ்சம் பக்கத்திலை நிண்டால்..." என்று தொடங்கினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நேரம் போகுது தம்பி, தேசிக்காயிலை ஏத்தும்!" என்றார் அண்ணை.

அந்த நேரத்தில் நான் எஞ்சினை நிறுத்தி இறங்கியிருக்கலாம். அவ்வளவு பேருக்கு முன்னால், நான் கட்டியது சரியில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தேன்.

கிளச்சை மெல்ல விட்டேன். கார் தேசிக்காயில் முட்டி நின்றது, ஏறவில்லை. கொஞ்சம் அக்சிலறேற்றரை அமத்தினேன். நாலு தேசிக்காயும் ஒன்றாக வெடித்தன. கார் பாய்ந்தது. நான் மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது. சரிவில் கார் இன்னும் வேகமாக இறங்கியது. ஐயர் கற்பூரத் தட்டோடு ஒரு பாய்ச்சலில் விலகினார். மனைவி அப்படியே நின்றாள், தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டு. இன்னொரு முறை மிதிப்பதற்குக் கால் எழவே இல்லை. கை மட்டும் எங்கேயோ துழாவி, கைபிறேக்கைப் பிடித்து இழுத்தது. அந்தக் காரில் நான் தொடாத ஒரே சாமான் அது. அஜக்ஸ் கிழவர் பூட்டியது.

கார் நின்றது. எஞ்சினும் நின்றது. சிவப்பு மூக்கு அவளுடைய சேலைக் கொசுவத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். "எப்பிடி, மயிரிழையிலை நிப்பாட்டினார் பாத்தியளோ!" என்று அண்ணை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறக்கத் தெரியாமல் அதற்கு மேலால் ஏறி விழுந்து அவளிடம் போனேன். தட்டிலிருந்த பூவும் வெற்றிலையும் காரின் மூக்கில் சிந்திக் கிடந்தன. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பகிடியும் வாயில் வரவில்லை.

"ஏன் விலகேல்லை நீர்?" என்று கேட்டேன். "கார் வாறது தெரிஞ்சதுதானே, ஏன் விலகேல்லை?"

அவள் தட்டை நிமிர்த்திப் பிடித்தாள்.

"பிறேக் பிடிக்கும் எண்டு சொன்னனீங்கள்."