சிவப்பு அம்பு காட்டிய தேதி

ஆயத்த ஆடை நிறுவனத்தின் சோதனை மேசையில் பத்தொன்பது ஆண்டுகள் நின்றவருக்கு உலகமே ஒரு சட்டைதான். முன்பக்கம் எவ்வளவு மிடுக்காக இருந்தாலும் அவர் மயங்கமாட்டார். உள்பக்கத்தைத் திருப்பி, தையலை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, பிசகு கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிய பிறகே அடுத்ததைத் தொடுவார். தைக்கும் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி அக்கா. பால் பாக்கெட்டின் தேதியையும் மாத்திரைப் பட்டை விளிம்பின் காலாவதித் தேதியையும் அக்கா அதே கண்ணால்தான் பார்த்தார்.

"என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி என்னையும் திருப்பிப் போட்டுப் பாத்தவ இவ" என்பார் கணவர்.

"பாத்தும் ஏமாந்துட்டேனே" என்பது அக்காவின் மாறாத பதில்.

கணவர் லாரி ஓட்டியவர். சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு திங்கள், புதன், வெள்ளி என வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்ததால் அது கட்டணமின்றி நடந்துவந்தது. அதிலும் அக்காவுக்கு ஓர் ஐயம்: செய்யாத நாளையும் செய்ததாக மருத்துவமனை எழுதிக்கொண்டால்? ஆகவே ஒவ்வொரு முறையும் செவிலியரிடம் தேதியுடன் கையொப்பம் வாங்கி ஒரு நோட்டில் வைத்திருந்தார். செவிலியர்கள் முகம் சுளித்தார்கள், ஆனாலும் போட்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் நிறுவனம் சோதனைப் பிரிவை அடுத்த மாநிலத்துக்கு மாற்றியது. மாத முடிவுக்குள் அங்கே போய்ச் சேராவிட்டால் வேலை இல்லை. அட்டையோ இந்த மாநில எல்லையைத் தாண்டினால் வெறும் அட்டை.

காப்பீட்டு அலுவலகத்தின் எழுத்தர் காதில் பேனாவைச் செருகிக்கொண்டு அமர்ந்திருந்தார்.

"இங்க இருக்கறத முடிச்சாத்தாம்மா அங்க புதுசு போட முடியும். ஒரே ஆளுக்கு ரெண்டு மாநிலத்துல அட்டை கிடையாது."

"கையில இருக்கறதைக் குடுத்துட்டு, அங்க போய் இல்லைன்னா?"

"இடம் மாறின நாள்லேருந்து பதினஞ்சு நாளுக்குள்ள அங்க எழுதிக் குடுங்க. அந்த நாள்லேருந்தே ஏத்துப்பாங்க. தாண்டிட்டா அடுத்த மாசம் ஒண்ணாம் தேதிலேருந்துதான்."

"நடுவுல ஒரு திங்கக்கிழமை சிக்கிக்கிட்டா?"

"சிக்காதும்மா."

"அதை எழுதிக் குடுங்க சார்."

எழுத்தர் காதிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதவில்லை; அதன் பின்முனையால் காதைக் குடைந்தார். அட்டையைத் திரும்ப வாங்குவதில் இவருக்கு ஏன் இத்தனை அவசரம் என்று அக்கா யோசித்தார். அட்டையை முடிப்பதற்கு அவர் கொடுத்த படிவம் ஒரு வாரம் அலமாரியிலேயே கிடந்தது.

ஒருவழியாக நிரப்ப உட்கார்ந்தபோது 'இடம் மாறிய நாள்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. சாமான்கள் பன்னிரண்டாம் தேதியே லாரியில் போய்விட்டன. பாயும் இரண்டு பாத்திரமுமாக அவர்கள் இருபத்தேழு வரை இங்கேதான் இருக்கப்போகிறார்கள்.

"நாம போற நாளைப் போடு" என்றார் கணவர்.

"லாரி ரசீதுல பன்னெண்டுன்னு இருக்கு. நாளைக்கு அதை எடுத்து வச்சு, ஏன் பொய் எழுதினேன்னு கேட்டா?"

"லாரி ரசீதை யாரும்மா கேக்கப்போறா? நான் ஓட்டின காலத்துல மொதலாளியே கேட்டதில்ல."

"கேக்கமாட்டாங்கன்னு நம்பித்தான் எல்லாரும் மாட்டிக்கறாங்க."

பன்னிரண்டு என்று அழுத்தி எழுதினார். யாரும் கவனிக்காமல் விட்டுவிடவோ பிறகு திருத்திவிடவோ கூடாதென்று அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பையும் ஒட்டினார். பழைய ஊரில் கடைசி டயாலிசிஸ் முடிந்த கையோடு அட்டையையும் படிவத்தையும் கொடுத்தபோது எழுத்தர் படிக்காமலே முத்திரை குத்தினார்.

அன்று இருபத்தாறு, வெள்ளிக்கிழமை. மறுநாள் புறப்பட்டார்கள். இருபத்தொன்பது, திங்கட்கிழமை காலை, புதிய ஊரின் அலுவலகத்தில் வரிசையில் நின்றார் அக்கா. மருத்துவமனை பிற்பகல் இரண்டு மணிக்குப் படுக்கை ஒதுக்கியிருந்தது. ஆனால் அட்டை எண் இல்லாமல் ஊசி ஏறாது என்று சொல்லிவிட்டது. கணவர் சுவரோர நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு அமர்ந்திருந்தார். பாதம் வீங்கி வார் பதிந்திருந்தது.

சாளரத்தில் இருந்த இளம்பெண் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, உங்களுக்கு ஒண்ணாம் தேதி, புதன்கிழமைலேருந்துதான் வரும்."

"இன்னைக்கு திங்கக்கிழமைம்மா!"

"நீங்க பன்னெண்டாம் தேதியே இடம் மாறிட்டீங்க. பதினேழு நாள் ஆச்சு."

"நாங்க வந்தது முந்தாநாள். அந்த ஆளு தேதியை மாத்திட்டாரு. காதுல பேனா வச்சிருந்தப்பவே நெனச்சேன். படிவத்தைக் காட்டு, நான் பாக்கணும்."

அவள் கணினித் திரையைத் திருப்பினாள். படிவத்தின் நகல் பளிச்சென்று தெரிந்தது. அழுத்தி எழுதிய பன்னிரண்டு. பக்கத்தில், பிசகைக் காட்டும் அதே கோணத்தில், அக்காவின் கையால் ஒட்டிய சிவப்பு அம்பு.

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் கணவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கேலி செய்யத் தோதான இடம்தான். ஆனால் அவருக்கு மூச்சு வாங்கியது. வெள்ளியிலிருந்து புதன்வரை ஐந்து நாள். அந்த உடம்பு தாங்காது.

"லாரி போன நாளை எழுதிட்டேன்" என்றார் அக்கா, அவருக்கே கேட்காத குரலில். "ஆளுங்க போன நாள் இருபத்தேழு."

"நான் நம்பறேன் அக்கா. ஆனா அதுவரைக்கும் அங்க இருந்ததுக்கு ஏதாவது காகிதம் வேணுமே?"

அக்காவின் கை பைக்குள் போனது. மேலட்டை கிழிந்த நோட்டு வெளியே வந்தது. பதினைந்து, பதினேழு, பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபத்துநான்கு, இருபத்தாறு: ஆறு தேதிகள், ஆறு கையொப்பங்கள்.

அந்தப் பெண் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். நோட்டோடு அவள் வராமலே போய்விட்டால் என்று அக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு வெள்ளைத் தாளோடு திரும்பி வந்தாள்.

"மேலதிகாரி ஒத்துக்கிட்டாரு. முன்னாடி எழுதின தேதி உங்க தப்புன்னு எழுதி கையெழுத்துப் போடணும்."

பத்தொன்பது ஆண்டுகளாகப் பிறர் தவறுக்கு அம்பு ஒட்டியவர், 'என் தவறு' என்ற இரண்டு சொற்களை எழுத வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு தாளைப் புரட்டி மறுபக்கத்தில் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டே நீட்டினார். வந்த அட்டை எண்ணை அந்தப் பெண்ணை இரண்டு முறை படிக்கச் செய்து குறித்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியது. கணவர் கண்ணை மூடியபடி, "அம்பு ஸ்டிக்கர் மிச்சம் இருக்கா?" என்றார்.

"பேசாம படுங்க."

நான்கு மணிநேரம் கழித்து ஊசியை எடுத்த செவிலியரிடம் அக்கா நோட்டை நீட்டினார்.

"இங்க அப்படி வழக்கமில்லையே அம்மா?"

"எங்க வீட்டுல உண்டு. தேதியைப் போட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்ற அக்கா, செவிலியர் எழுதும் எண்களைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.