ஏழெட்டும் ஓர் உதையும்

நான் மார்த்தாண்டத்துக்கு அருகே ஒரு மிஷன் பள்ளியில் உபாத்தியாயினி. என் வகுப்பில் வாய்ப்பாடு வராத ஒரே பிள்ளை என் மகள் ரோஸம்மாள்தான். எங்கள் ஊர்ச் சண்டைக் கலையான அடிமுறை பயின்ற என் தம்பி, "அக்கா, பிள்ளைய எனக்க கிட்ட விடு. இருந்து படிச்சா அவளுக்கு ஏறாது" என்றான். காலெடுத்து வைக்கும் ஒவ்வொரு சுவட்டுக்கும் வாய்ப்பாட்டில் ஒரு வரியாகச் சொல்லிப் பழக்கினான்; எட்டாம் சுவட்டில் ஓர் உதை. மழைக்காலம் முடிவதற்குள் எல்லா வாய்ப்பாடும் மனப்பாடம். மற்றப் பாடங்களிலும் கவனம் வந்தது. ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் வந்தார். பள்ளியின் அங்கீகாரம் அவர் கையில். ரோஸம்மாளைப் பார்த்து, "ஏழெட்டு எவ்வளவு?" என்றார். அவள் திருதிருவென்று விழித்தாள்.

"சார், கால் வச்சாத்தான் வரும். வைக்கட்டா?"

"வையேன்" என்றார், விஷயம் தெரியாமல்.

பாவாடையைச் செருகிக்கொண்டு, "ஏழொண்ணு ஏழு" என்று அவர் மேஜையை நோக்கி முன்னேறினாள். "ஏட்டி, நில்லு!" என்று நான் கத்துவதற்குள், "ஏழெட்டு ஐம்பத்தாறு!" என்ற முழக்கத்தோடு உதை மேஜையில் விழுந்தது. மைக்கூடு கவிழ்ந்து அவருடைய வெள்ளைக் கால்சட்டை நீலமாயிற்று.

அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அவளிடம், "விடை சரியாக்கும், மக்களே. ஏழொம்பது நான் கேக்கல்ல" என்றார்.

அங்கீகாரம் தப்பிப் பிழைத்தது.

சகோதரிகளே, பிள்ளைகளைத் தாராளமாக அடிமுறைக்கு அனுப்புங்கள். கூடவே அசையாமல் ஒப்பிக்கவும் பழக்குங்கள். நான் இப்போது மகளின் கால்கள் இரண்டையும் மடியில் பிடித்துக்கொண்டுதான் வாய்ப்பாடு கேட்கிறேன். விடை தவறாமல் வருகிறது. ஏழெட்டு நெருங்கும்போது மட்டும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.