நான் நீக்கிய 'தோராயமாக'

நிரல்மொழி ஒன்றின் ஆவணங்களைத் தமிழில் தரும் தன்னார்வலர் குழுவில் நானும் ஒருவன். என் வேலை சின்னது: வாக்கியங்களைச் சீர்செய்வது. ஒரு காற்புள்ளி, ஒரு சொல், அனுப்பு. ஏற்கப்பட்டதும் வரும் பச்சைக் குறிக்காகவே, வேப்பம்பட்டில் ரயிலேறி அம்பத்தூர் வருவதற்குள் நான்கைந்து திருத்தம் அனுப்பிவிடுவேன்.

என் பள்ளித் தோழன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறான். வீடு கள்ளிக்குப்பத்தில். நின்று நின்று அவன் முழங்கால் போய்க்கொண்டிருந்தது. பொருள்களின் அளவு பார்க்கும் அறையில் ஓர் இடம் காலி. அளவைச் சரிபார்க்க ஒரு புரோகிராம் எழுதித் திங்கட்கிழமை காட்டினால் யோசிக்கலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஆங்கிலம் அவனுக்கு இடறும். எங்கள் தமிழ்ப் பக்கங்களைக் கொடுத்து, இதைப் படித்தால் போதும் என்றது நான்தான்.

ஞாயிறு காலை டீக்கடையில் லேப்டாப்பைத் திறந்து காட்டினான். 0.1 மில்லிமீட்டர் தகடும் 0.2 தகடும் சேர்ந்தால் 0.3 வர வேண்டும். புரோகிராம் 'தவறு' என்றது. ஒரு வாரமாகத் தன் மூளையையே சந்தேகப்பட்டிருக்கிறான்.

"நமக்கு இது வராது மச்சான். நின்னுகினே இருந்துட்டுப் போறேன்."

எதைப் படித்து எழுதினாய் என்று கேட்டேன். தரவு வகைகள் பக்கத்தைக் காட்டினான். 'இந்த வகை, தசம எண்களைச் சேமிக்கிறது.' 'தோராயமாகச் சேமிக்கிறது' என்றுதான் முதலில் இருந்தது. வாக்கியம் நொண்டுகிறது என்று அந்தச் சொல்லைத் தூக்கியவன் நான். அதற்கும் பச்சைக் குறி வந்தது.

அவன் புரோகிராமில் ஒரு வரியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தான் மக்கு என்றே அவன் நம்பிக்கொண்டிருப்பான். அந்தச் சொல்லை நீக்கியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

டீ கிளாஸைத் தள்ளி வைத்தான். "ஒரு வாரம்டா," என்றான்.

கணினி 0.1-ஐ அப்படியே வைத்துக்கொள்ளாது, மயிரிழை கூடக் குறைய இருக்கும் என்று விளக்க ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"பிளஸ் மைனஸ்னு சொல்லேன். இவ்ளோ கூடக் கொறைய இருக்கலாம்னு டாலரன்ஸ் போடாத டிராயிங்க எவன் வாங்குவான்? அதக் கிழிச்சிட்டு அளவ மட்டும் வுட்டுகீற நீ."

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மைக்ரானுக்குள், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள், இருந்தால் சரி என்று அவனே மாற்றி எழுதினான். பக்கத்திலேயே உட்கார்ந்து நான் அந்தச் சொல்லைத் திரும்பச் சேர்த்தேன், தகடு உதாரணத்தோடு. அதில் 'மயிரிழை' என்று நான் எழுதியதைப் பார்த்து, மயிரிழை என்றால் எவ்வளவு என்று கேட்டு இரண்டு முறை மாற்றி அடிக்க வைத்தான்.

என் திருத்தம் இன்னும் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. திங்கள் மதியம் அவனிடமிருந்து செய்தி வந்தது: "ஓடுச்சு மாமே. ஒரு மாசம் பாக்கலாம்னாரு. சேர் குட்த்துட்டாங்க."