அக்காவின் அணிக்கு ஆள் குறைந்த வருடம்

மழை விட்ட மைதானத்தில் பந்து தரையில் மோதும் சத்தம் கேட்டால் என் கால்கள் தாமாக நின்றுவிடும். நேற்று கொடைக்கானலில் காய்கறி வாங்கப் போனபோதும் நின்றேன். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

என் அக்கா மல்லிகா கல்லூரி அணியில் ஆடியபோது நான் ஏழாம் வகுப்பு. வில்பட்டித் தோட்டத்தில் கேரட் போட்டிருந்த அப்பா, ஆட்டம் இருக்கும் நாளில் சோலியை வெள்ளனே முடித்துவிட்டு, மண் ஒட்டிய காலோடு பஸ் ஏறிவிடுவார். என் பள்ளி ஆண்டு விழாவுக்கு அவர் வந்ததே இல்லை.

அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் அக்காவின் அணி தோற்றது. மறுநாள் காலை, அடுப்படியில் குளிர்காய்ந்தபடி அப்பா மொத்த சீசனையும் அலசினார்.

"மொதல்ல சொதப்புனாங்க. பெறகு பாஸிங் நல்லா வந்துச்சு. நம்ம மல்லிகா என்னா வெரசா ஓடுனா! கூடைக்குக் கீழதான் ஆளில்ல. ஒசரமா ஒரு புள்ள இருந்திருந்தா கோப்பை நமக்குத்தான்."

வகுப்பிலேயே உயரம் நான்தான். வாசற்படியில் முதுகை நிமிர்த்தி நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார்.

"ஏ புள்ள, தள்ளி நில்லு. வெளிச்சத்த மறைக்காத."

அக்கா அழுதுகொண்டிருந்தாள். அப்பாவின் கை அவள் தலைமேல் இருந்தது. அந்த அழுகைமீதுகூட எனக்குப் பொறாமை வந்தது.

நேற்று ஒரு பெண் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டாள். ஸ்வெட்டர் போட்ட ஒருவர் எழுந்து, "பரவால்ல பாப்பா! அப்பா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்!" என்று கத்தினார். அதன் பிறகு யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.