ஜெர்மன் குரலுக்கு அடியில் ஒருத்தி

ஒலிக்கூடத்துக்குள் நுழைவதற்கு முன் லூத்விக் பியேகா கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டு, கோட்டைக் கதவுக்கு வெளியே மாட்டுவார். பிறகு சாவிக்கொத்து, பெல்ட். பெல்ட்டின் கொக்கி ஒருமுறை மேசை விளிம்பில் இடித்து, அவர் வாசித்துக்கொண்டிருந்த படத்தில் ஒரு நாரைக் குஞ்சின் சாவையே கெடுத்துவிட்டிருந்தது. காலணிகளும் வெளியில்தான். கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்து, வாசிக்க வேண்டிய தாள் ஒவ்வொன்றின் கீழ்முனையையும் கட்டைவிரலால் லேசாக மேல்நோக்கி வளைத்துக்கொள்வார், புரட்டும்போது சரசரக்காமல் இருக்க. கடைசியில் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுவார். இடது காது படத்தில் பேசுகிறவர்களுக்கு. வலது காது தன் குரலுக்கு.

இத்தனையும் தான் அங்கே இல்லாமல் இருப்பதற்கான ஏற்பாடு. எங்கள் போலந்துத் தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படம் என்றால் ஆளுக்கொரு குரல் கிடையாது. ஒரே வாசிப்பாளர். கொலைகாரனுக்கும் அவர்தான், கொலையுண்டவளுக்கும் அவர்தான். படத்தில் ஒருவர் வாய் திறந்து ஒரு மூச்சு கழித்து வாசிப்பாளர் தொடங்குவார். அவர் முடித்த பிறகு மூலக் குரலின் வால் கொஞ்சம் வெளியே தெரியும். ஏற்ற இறக்கம் கூடாது. அழுகையைப் படத்தில் இருக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

லூத்விக் சிலேசியாவில் பித்தோம் ஊர்ச் சுரங்கத் தொழிலாளியின் மகன். வார்சாவுக்கு வந்த புதிதில், பல்லிடுக்கில் பென்சிலைக் கடித்தபடி பேசிப் பேசி, ஊர்ப் பேச்சை நாக்கிலிருந்து சுரண்டி எடுத்தார். கரியைத் தோலிலிருந்து சுரண்டுவதைவிட அது கடினம். ஆனால் போயிற்று. அதற்குப் பிறகு அவர் குரலில் எந்த ஊரும் இல்லை. ரயில் நிலையத்தில் அவர் டிக்கெட் கேட்டால் முன்னால் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முகத்தைப் பார்த்ததும் ஏமாந்துபோவார்கள்.

அவர் வாசித்தவற்றில் மிக நீளமானது ‘ஐரோப்பாவின் ஓரங்கள்’ என்ற ஆவணத் தொடர். ஜெர்மனியில் எடுத்தது, எங்கள் தொலைக்காட்சி வாங்கி ஞாயிறு மத்தியானம் போட்டது. லாப்லாந்தில் கலைமான் மேய்க்கிறவர்கள், போர்ச்சுகலில் தக்கைமரப் பட்டை உரிக்கிறவர்கள், கிரேக்கத் தீவில் கடற்பஞ்சுக்கு மூழ்குகிறவர்கள். ஒரு தடவைகூட எல்லை தாண்டாத லூத்விக்குக் கலைமானின் குளம்பு எந்த மாதத்தில் மென்மையாகும் என்று தெரியும். தொடரின் ஒவ்வொரு படமும் ஒரே மாதிரி முடியும். வெயில் சாயும், அக்கார்டியன் வாசிக்கும், யாராவது ஒரு வயசாளி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போவார். அப்போது ‘கடைசி’ என்ற சொல் வரும். கடைசி மேய்ப்பர், கடைசி மூழ்காளி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் யோலாவுக்கும் அவருக்கும் இதில் ஒரு பந்தயம் உண்டு. அந்தச் சொல் எந்தத் தாளில் வரும் என்று தப்பாகச் சொன்னவர் டீ போட வேண்டும்.

பித்தோம் படம் வந்த அன்று யோலாதான் தோற்றாள். ‘கடைசி’ முதல் தாளிலேயே வந்துவிட்டது.

“உங்க ஊருக்கு மட்டும் அவசரமா முடிச்சு வச்சுட்டாங்க, பான் லூத்விக்,” என்றாள் பேசுபொத்தானை அழுத்தி. எங்களுக்குப் ‘பான்’ என்றால் ஐயா, ‘பானி’ என்றால் அம்மா. “டீ நானே போடறேன். இரங்கல் டீ.”

“சர்க்கரை போடு. எங்க ஊர்ல சாவு வீட்ல இனிப்பாத்தான் குடிப்போம்.”

படத்தின் பெயர் ‘கரியும் கண்ணீரும்’. மூடிய சுரங்கம், துருப்பிடித்த தூக்குச்சக்கரம், சிவப்பு வண்ணமடித்த சன்னல் சட்டங்களோடு செங்கல் வரிசை வீடுகள். லூத்விக் முகத்தில் எதுவும் காட்டாமல் வாசித்தார். பிறகு ஒரு அடுக்களை. அறுபதை நெருங்கும் ஒரு பெண், கெர்ட்ருதா என்று பெயர், உருளைக்கிழங்கு உருண்டைகளைப் பலகையில் வரிசையாக வைத்து, குழம்பு நிற்பதற்காக ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டைவிரலால் குழி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கேமராவைப் பார்த்துப் பேசினாள். மேலே ஒரு ஜெர்மன் பெண்குரல் படர்ந்தது. லூத்விக்கின் தாளில் அதன் போலிஷ் மொழிபெயர்ப்பு இருந்தது: ‘எல்லாவற்றையும் இழந்துவிட்டோம். சுரங்கம் மூடிய அன்றே எங்கள் வாழ்வும் மூடியது.’

அவர் வாசித்தார். முடித்தார். ஜெர்மன்காரி முடித்தாள். அவர்களுக்குக் கீழே கிடந்த சொந்தக் குரல் ஒரு நொடி தலையை நீட்டியது. பச்சைச் சிலேசியப் பேச்சு.

“…காலக் கழுவிட்டு உள்ள வாங்க.”

லூத்விக் கையைத் தூக்கினார். யோலா நிறுத்தினாள்.

“இருமலா?”

“திரும்பப் போடு. வால மட்டும்.”

திரும்பப் போட்டாள். மறுபடியும். அந்தப் பெண் மரக்கரண்டியைக் கேமராவை நோக்கி நீட்டியிருந்தாள். வாழ்க்கை மூடிப்போன பெண் கரண்டியை நீட்டமாட்டாள். நடுவில் அவள் சொன்னது ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஜெர்மன் குரல் அதன்மேல் தார் ஊற்றியது போலக் கிடந்தது.

“இது அவ சொன்னது இல்ல,” என்றார்.

“எப்பவாவது எதாவது அவங்க சொன்னதா இருந்திருக்கா? அந்தக் கலைமான்காரர் முழுக்க மீன் விலையப் பத்திப் பேசிட்டிருந்தார்னு நீங்கதான் சந்தேகப்பட்டீங்க.”

“அவர் பேச்சு எனக்குத் தெரியாது. இவ பேச்சு தெரியும்.”

அன்று அவர் அதற்குமேல் வாசிக்கவில்லை. பெல்ட்டைக்கூட மாட்டாமல் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ரோமானாவின் அறைக்குப் போனார். ரோமானா கெட்டவள் இல்லை, அவசரக்காரி. உட்காரச் சொன்னாள்.

“மூல ஒலி வேணும்,” என்றார் லூத்விக். “அந்தப் பொம்பளை போலிஷ்ல பேசியிருக்கா. அத ஜெர்மனாக்கி, அத நாம போலிஷாக்கி, அவ தலைமேலயே நான் வாசிக்கறேன். அவ ஊர்க்காரங்க ஞாயித்துக்கெழம இதத்தான் கேக்கப் போறாங்க.”

“மூல ஒலி வராது, பான் லூத்விக். கலந்துதான் விக்கறாங்க. ஒப்பந்தமே அப்படி. திங்கக்கெழம பதிவு முடியணும்.”

“அப்ப அந்த இடத்த சும்மா விடறேன்.”

“சும்மா விட்டா ஜெர்மன் கேக்கும். அது இன்னும் அழகா இருக்குமா?” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நீங்க எத்தன வருஷமா ஒரு காற்புள்ளிகூட மாத்தினதில்ல. சன்னல் கண்ணாடி மாதிரி. அதுக்காகத்தான் எல்லாரும் உங்களக் கேக்கறாங்க. தாள்ல இருக்கறத வாசிங்க. இல்லேன்னா இந்தத் தொடர வேற ஆள் வாசிப்பார். வருத்தத்தோட சொல்றேன்.”

“வருத்தத்த என்கிட்டக் குடுக்காதீங்க, பானி ரோமானா. அந்தத் தாள்லயே நிறைய இருக்கு.”

சனிக்கிழமை அவர் கத்தோவித்சே நகருக்கு ரயிலேறி, அங்கிருந்து டிராமில் பித்தோம் போனார். படத்தில் பார்த்த தேவாலயக் கோபுரத்தை வைத்துத் தெருவைக் கண்டுபிடித்தார். கெர்ட்ருதாவைக் கண்டுபிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. சன்னல் திட்டில் தலையணை போட்டு, அதில் முழங்கையை ஊன்றி, தெருவை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். மழை தூறியது. அவர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார்.

அவள் கண்ணைச் சுருக்கினாள். “இன்னொரு தரம் சொல்லுங்க.”

சொன்னார்.

“ஏ அலோய்ஸ்,” என்று உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “கலைமான்காரன் வந்து நிக்கறான்யா நம்ம வாசல்ல. டிவியில பாக்காத மூஞ்சி. நல்லவேளை பாக்கல.”

உள்ளே கூப்பிட்டாள். வாசலில் அவர் தானாகவே காலணிகளைக் கழற்றினார். அவள் அதைக் கவனித்தாள். கணவர் அலோய்ஸ் கை கொடுத்துவிட்டு, கொதிகலனைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிப் போனார். சுரங்கத்துக் குளியல் கூடத்தை இந்தத் தெருப் பெண்கள் ஊர்ச் சலவைக்கூடமாக மாற்றியிருந்தார்கள். நகராட்சி பூட்டுப் போட்டது. பெண்கள் கதவையே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். கதவு இன்னமும் சுவரில் சாய்ந்துதான் இருந்தது, பூட்டோடு. அலோய்ஸ் தண்ணீர் சூடாக்கினார். ஜெர்மன்காரர்கள் அங்கேயும் போய்ப் படமெடுத்திருந்தார்கள். படத்தில் அது வரவில்லை.

“வெளிச்சம் ஜாஸ்தியாம்,” என்றாள் கெர்ட்ருதா, அடுக்களையில் உருண்டை பிடித்தபடி. “நாங்க சிரிச்சிட்டிருந்தோம், அதுவும் ஜாஸ்தி. அந்தப் பழைய சக்கரத்துக்குக் கீழ போய் நில்லுன்னாங்க. நின்னேன். தூரத்தப் பாருன்னாங்க. தூரத்துல என்ன இருக்கு, கசாப்புக் கடைதான் இருக்கு. அதப் பாத்தேன்.”

லூத்விக் தாளை எடுத்து அந்த இரண்டு வரியையும் அவளுக்கு வாசித்துக் காட்டினார். தொலைக்காட்சியில் வாசிக்கிற அதே குரலில்.

அவள் உருண்டை பிடிப்பதை நிறுத்தினாள்.

“இத நான் சொன்னேனா?”

“நீங்க சொன்னதாப் போடறாங்க.”

“யார் வாசிக்கறது?”

அவர் தாளைத் திருப்பி மேசையில் வைத்தார்.

“ஓஹோ,” என்றாள். “ஊர் ஊராப் போய் எல்லாரையும் கடைசி, கடைசின்னு எடுத்து வைக்கற ஆளு. எங்க வீட்டுக்கு எப்ப வருவான்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க எந்த ஊரு?”

“இதே ஊர்தான். மூணாம் சுரங்கத் தெரு. பியேகா வீடு.”

“பொய். அந்தத் தெருக்காரன் இப்படிப் பேசமாட்டான். நம்ம பேச்சுல சொல்லுங்க.”

லூத்விக் வாய் திறந்தார். வரவில்லை. ஒலிகள் எங்கேயோ இருந்தன, பூட்டிய அறையில் யாரோ நடமாடுவது போல. அவள் காத்திருந்தாள். கடைசியில் அவர், “ரொம்பப் பசிக்குது,” என்றார், சிலேசியத்தில், சின்னப்பிள்ளைக் குரலில். அவருக்குள் மிச்சமிருந்தது அந்த வயதுப் பேச்சுதான்.

கெர்ட்ருதா சிரிக்கவில்லை. தட்டை எடுத்து உருண்டைகளை வைத்து, குழிகளில் குழம்பை ஊற்றினாள்.

“கடைசியில, ‘காலக் கழுவிட்டு உள்ள வாங்க’ன்னு நீங்க சொல்றது மட்டும் கேக்குது,” என்றார் அவர் சாப்பிட்டுக்கொண்டே. “அதுக்கு முன்னாடி என்ன சொன்னீங்க?”

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கையிலிருந்த மாவைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

“எழுதிக்கங்க. சுரங்கத்த மூடினாங்க. வறுமை வந்து எங்க வாசல்ல நின்னுச்சு. நான் அப்பத்தான் தரையத் துடைச்சிருந்தேன். காலக் கழுவிட்டு உள்ள வாங்கன்னு சொன்னேன். இன்னும் கழுவிட்டே நிக்குது.”

லூத்விக் எழுதவில்லை. எழுதத் தேவையில்லாமல் அது அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

“எனக்காக எவனும் அழ வேணாம்,” என்றாள் வாசலில். “அழுகை வந்தா நானே அழுதுக்குவேன். எனக்கு வாய் இருக்கு, கண்ணும் இருக்கு. அத ஞாயித்துக்கெழம சொல்லுங்க, பான் கலைமான்.”

திங்கட்கிழமை அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார், காலணிகளைக் கழற்றினார், தாள்களின் முனையை வளைத்தார். யோலா விளக்கை எரியவிட்டாள். ‘கடைசிச் சுரங்க நகரம்’ என்ற இடத்தில் அவர் ‘சுரங்க நகரம்’ என்று மட்டும் வாசித்தார். யோலா தலையைத் தூக்கினாள். அடுக்களை வந்தது. கெர்ட்ருதா நிமிர்ந்தாள், ஜெர்மன் குரல் தொடங்கியது. லூத்விக் ஒரு மூச்சு இடைவெளி விட்டார். பிறகு தாளைப் பார்க்காமல், சிலேசியத்தில், ஏற்ற இறக்கத்தோடு பேசினார். வறுமை வந்து வாசல்ல நின்னுச்சு. ஒலியளவு முள் அவர் ஆயுளில் போகாத இடத்துக்குப் போயிற்று. அவர் நிறுத்திய இடத்தில் அவளுடைய சொந்தக் குரல் எழுந்து அவர் சொன்னதை அப்படியே ஆமோதித்தது. காலக் கழுவிட்டு உள்ள வாங்க.

யோலா பதிவை நிறுத்தவில்லை. தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“முள்ளு சிவப்பத் தொட்டுது,” என்றாள் எல்லாம் முடிந்ததும்.

“திரும்ப எடுக்கணுமா?”

“ஏன் எடுக்கணும்? சிவப்பும் ஒரு நிறந்தானே.”

லூத்விக் வாசித்ததை ரோமானா ஒருபோதும் சரிபார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான், ஊர் முழுவதோடும் சேர்ந்து கேட்டாள். பித்தோமில் அந்த வரி வந்ததும் வரிசை வீடுகளின் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கத்திப் பேசிக்கொண்டார்களாம். மறுநாள் ரோமானா அவரை உட்காரச் சொல்லவில்லை.

“பொய் வாசிச்சிருக்கீங்க. தாள்ல இல்லாதத.”

“தாள்லதான் பொய் இருந்துது. நான் அவ வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வந்தேன். உங்க தொடர்ல அப்படி வேற யார் போனாங்கன்னு சொல்லுங்க, மன்னிப்புக் கேக்கறேன்.”

“கண்ணாடி பேசக் கூடாது, பான் லூத்விக்.”

“கண்ணாடி இல்ல, பானி ரோமானா. மூணாம் சுரங்கத் தெரு.”

தொடரை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மீதிப் படங்களை இளைஞர் ஒருவர் வாசித்தார், சுத்தமான குரல். லூத்விக் பிரேசில் தொலைக்காட்சி நாடகங்களை வாசிக்கப் போனார். அங்கே எல்லாரும் ஓயாமல் அழுகிறார்கள், ஆனால் அவரவர் அழுகையை அவரவரே அழுகிறார்கள் என்று யோலாவிடம் சொன்னார். வழக்கம் போலக் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். காலணிகளை மட்டும் அதற்கப்புறம் கழற்றவில்லை. சில நாடகங்களில் காதலர்கள் பிரியும்போது மேசைக்கு அடியில் ஒரு குதிகால் தட்டுவது கேட்கும். கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும்.

அவர் இறந்த பிறகு, பித்தோம் சலவைக்கூடத்தில் போர்வையின் ஒரு முனையை, அவரைப் பற்றி எழுத விசாரித்துப் போன என் கையில் கொடுத்து, மறுமுனையைப் பிடித்து மடித்தபடி கெர்ட்ருதா சொன்னதை இங்கே சேர்க்க வேண்டும். லூத்விக்குக் கடைசிவரை இது தெரியாது. ஜெர்மன்காரர்கள் வந்த அன்று அடுக்களையில் அவள் சுரங்கத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. கேமராக்காரன் சேற்றுக் காலணியோடு ஈரத் தரையில் ஏறிவிட்டான், அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். வறுமை வந்து வாசலில் நின்றதை, மழையில் நனைந்து வந்து காலணியைத் தானாகக் கழற்றிய ஒரு மனிதன் எதிரில் உட்கார்ந்து கேட்டபோது, அந்த நிமிஷத்தில்தான் முதன்முதலாகச் சொன்னாளாம்.